பத்மநாபன் பள்ளிகொள்ளும் மர மாளிகை

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில், சுமார் 15 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது தக்கலை. அங்கிருந்து சிறிது தூரம் உள்ளே சென்றால், வேளிமலைச் சாரலில் பத்மநாபபுரம் கோட்டையும் அதனுள் அரண்மனையும் காட்சி தருகின்றன. ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய ஊர் இது. 1956-இல் இப்பகுதி தமிழகத்துடன் இணைந்தபோதிலும், அரண்மனையைக் கேரள அரசின் தொல்லியல் துறையே பராமரித்து வருகிறது.

1601-ஆம் ஆண்டையொட்டி இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் எழுந்த இம்மாளிகையை, 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் விரிவாகப் புதுப்பித்தார். பளிங்கையும் பொன்னையும் எதிர்பார்த்து வருவோரை இங்கு வரவேற்பவை, அருகிலுள்ள மலைகளிலும் தோப்புகளிலும் விளையும் தேக்கு, பலா போன்ற மரங்களே.

மரத்தை வெட்டுவதைப் பாரதத்தின் பழைய நூல்கள் எளிய செயலாகக் கருதவில்லை. தெய்வத் திருமேனிக்கு மரம் தேடி வனம் புகுவதைப் பற்றி வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை தனியே பேசுகிறது. மரத்தைப் பூசித்து, அதில் வாழும் உயிர்களை வேறிடம் செல்லுமாறு வேண்டிக்கொண்ட பின்னரே கோடரி வைக்க வேண்டும் என்பது அதன் விதி. வீடு கட்டும் தச்சர்களும் மரத்திடம் பிழை பொறுக்க வேண்டிய பின்பே வேலையைத் தொடங்கினர்.

வைரம் பாய்ந்த நடுப்பகுதியே உத்திரத்துக்கும் கைமரத்துக்கும் ஏற்றது. தேக்கில் இயல்பாகவே ஊறியுள்ள எண்ணெய்ப்பசை கறையானை அண்டவிடாது. சுவரின் தலையில் உத்திரம் படுத்திருக்க, அதிலிருந்து கைமரங்கள் சரிந்தேறி முகட்டில் கூடுகின்றன. கைமரங்களில் துளையிட்டுக் குறுக்கே செலுத்திய மரச்சட்டம் அவை அனைத்தையும் ஒன்றாகப் பிணைக்கிறது. பொருத்துகளை இறுக்குபவை மர ஆப்புகள். மழைக்காலத்தில் மரம் சற்றே உப்பும், கோடையில் சுருங்கும். அந்த அசைவுக்கு இப்பொருத்துகள் இடம் தருகின்றன. ஒரு சட்டம் பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றவும் இயலும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் காணும் குமரி மண்ணில், செங்குத்தாகச் சரியும் ஓட்டுக் கூரை நீரை உடனே வடித்துவிடுகிறது. முகப்பின் இடைவெளிகள் வழியே வெப்பக் காற்று வெளியேறுகிறது.

பூமுகத்தின் மரக்கூரையில் 90 விதமான மலர்கள் செதுக்கப்பட்டுள்ளன. தாய்க்கொட்டாரத்தில், ஒற்றைப் பலாமரத்தில் கடைந்தெடுத்த தூணைக் கண்டு நகர மனம் வராது. பல அடுக்குகளாக உயர்ந்து நிற்கும் உப்பரிகை மாளிகையே இவை அனைத்துக்கும் மணிமகுடம். மன்னரின் சயன அறை கீழேயுள்ள தளத்தில் அமைய, உச்சித் தளம் ஸ்ரீபத்மநாபரின் பள்ளியறையாக அமைக்கப்பட்டது. 1750-இல் நாட்டையே பெருமாளின் திருவடிகளில் ஒப்படைத்து, தம்மைப் பத்மநாபதாசர் என அழைத்துக்கொண்ட மார்த்தாண்ட வர்மரின் மனம் இந்த அமைப்பில் விளங்குகிறது. வீடு இறைவனுடையது, மன்னரும் அதில் குடியிருப்பவரே.

இன்று நாட்டு மரத்தால் ஆன பல பழைய வீடுகள் சிறிது சிறிதாக மறைந்து வருகின்றன. கூரையில் ஒழுகும் ஓர் ஓட்டைக் காலத்தில் மாற்றாததால் உத்திரம் மக்கும். பிறகு வீடே இடிபடும். மரவீட்டுக்கு வேண்டியது அன்றாடக் கவனிப்பு: பெருக்குதல், காற்றோட்டம், ஓட்டைப் பார்த்தல், அந்தியில் ஒரு விளக்கு. முன்னோர் விட்டுச்சென்ற உத்திரம் ஒன்று வீட்டில் இருந்தாலும், அதைக் காப்பதும் ஒரு வழிபாடே.

ஆண்டுதோறும் நவராத்திரியையொட்டி, அரண்மனைத் தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மன், வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கின்றனர். விழா நிறைவுற்றதும் திரும்பி வருகின்றனர். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் செல்வோர், குமாரகோவில் முருகனையும் தரிசித்துத் திரும்பலாம்.