பூனைக்கு நாம் இரையா?

அந்தி நேரங்களில் எங்கள் பூனை கதவோரம் பதுங்கியிருந்து கணுக்காலில் பாயும். ஒருநாள் அம்மாவின் காலில் குருதி கசிந்தது. அம்மாவுக்கு நீரிழிவு. பூனையைத் தொலைவில் விட்டுவிடத் துணிந்து சாக்கும் எடுத்து வைத்தோம்.

இரவு முழுவதும் உறக்கமில்லை. இரையை நெருங்கும் பூனை குரல் எழுப்புவதில்லை. 'மியாவ்' என்பது குட்டி தாயை அழைக்கும் ஒலி. வளர்ந்த பூனைகள் தமக்குள் அதை அரிதாகவே எழுப்புகின்றன. மனிதரிடமோ வாழ்நாளெல்லாம் எழுப்புகின்றன. வாலை நிமிர்த்தி வருவதும் குட்டி தாயிடம் காட்டும் வழக்கமே. அசையும் கால் அதன் வேட்டையுணர்வைத் தூண்டுகிறது. காலுக்குரியவர் அதற்கு இரையல்லர்.

மறுநாள் அந்தியில் கயிற்றில் துணிப்பந்து கட்டி இழுத்தோம். பாய்ந்து, கடித்து, களைத்தது. பின்னர் வாலை நிமிர்த்தியபடி அம்மாவிடம் சென்றது. அம்மா காலைச் சற்றே உள்ளிழுத்துக்கொண்டு அதன் தலையை வருடினார். சாக்கை மடித்து வைத்தோம்.