வட்டம் வட்டமாக இருக்கிறதா?

எங்கட தோட்டத்துப் பாட்டிமார் நேர்காணல் நூலின் முதல் அச்சு உங்களில் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புதுப் பிரதி தருகிறோம். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "பிரிண்ட்ல சின்னப் பிழை" என்று சொல்லிச் சமாளித்தோம். பிழை சின்னதில்லை. பிரஸ்காரர் செய்ததும் இல்லை. நாங்கள் செய்தது.

நடந்தது 2023இல். கட்டுகஸ்தோட்டையில் எங்கட அறையில் இருந்தது, ஒரு ஒஃபிஸ் கழித்துவிட்ட பழைய கொம்பியூட்டரும் 17 அங்குலச் சதுர மொனிட்டரும். கரண்ட் போய் வந்த ஓர் இரவுக்குப் பிறகு அந்த மொனிட்டர் எழும்பவே இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டு மூன்று மாதத்தில் 360 அளவுக்கு ஏறியதற்குப் பிறகு, புது மொனிட்டர் என்ற பேச்சே எங்களிடம் இல்லை. ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் சேர்த்து, கண்டி டவுனில் ஒரு கடையில் 22 அங்குல வைட்ஸ்கிரீன் மொனிட்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கினோம். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். கூடவே வந்த கேபிளைச் செருகினோம். படம் வந்தது. கை தட்டினோம்.

படம் வந்ததோடு நாங்கள் யோசிப்பதை நிறுத்திவிட்டோம். உண்மையில் திரையில் எல்லாமே அகலமாய்த் தெரிந்தது. எழுத்து கொஞ்சம் மங்கல். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் ரெசல்யூஷன் 1024×768. அதற்கு மேல் ஏற்ற பட்டியலில் ஒன்றுமே இல்லை. மொனிட்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் 1920×1080 என்று இருந்தது. கடைக்கு ஃபோன் எடுத்தோம். "உங்க கிராஃபிக்ஸ் கார்ட் பழசு, வைட்ஸ்கிரீனுக்கு சரிவராது, வேற போடணும், 28,000 ஆகும்" என்றார்கள். 28,000க்கு நூலையே அச்சடிக்கலாம். விட்டுவிட்டோம். கண் இரண்டு நாளில் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றே ஒன்று, ஃபோட்டோக்கள். பாட்டிமாரின் முகம் எல்லாம் பூசணிக்காய் மாதிரித் தெரிந்தது. வடிவமைப்புச் செய்த தம்பி ஒவ்வொரு படத்தையும் பக்கவாட்டில் கொஞ்சம் ஒடுக்கி, திரையில் சரியாகத் தெரியும்வரை கொண்டுவந்தான். பின்னால் நின்று "இன்னும் கொஞ்சம், ஆ, இப்ப சரி" என்று சொன்னது நாங்கள்தான். தலைப்பு எழுத்துகளையும் அப்படியே ஒடுக்கினோம்.

இந்த இடத்தில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். 1024×768 என்பது பழைய டீவியின் 4:3 வடிவம். எங்கட மொனிட்டர் 16:9. நாலுக்கு மூன்றை இழுத்து பதினாறுக்கு ஒன்பதில் நிரப்பினால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடித் தெரியும். 148 மில்லிமீற்றர் அகலமும் 210 உயரமும் கொண்ட ஏ5 பக்கம், 197 அகலமுள்ள பக்கம் மாதிரி, கிட்டத்தட்டச் சதுரமாய் நிற்கும். ஆனால் திரையில் மட்டும்தான் இழுபடும், ஃபைலில் ஒன்றும் மாறாது. அதனால் திரையில் "சரி" ஆகும்வரை நாங்கள் ஒடுக்கிய ஒவ்வொரு படமும் ஃபைலுக்குள் முக்கால் அகலத்துக்கு இறங்கிவிட்டது.

200 பிரதிகள் அச்சாகி வந்தன. புரட்டிப் பார்த்தோம். தலைப்புகளில் 'ண'வின் சுழிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஃபொன்ட் சரியில்லை என்று பேசிக்கொண்டோம். பதினொரு பாட்டிமாரின் படங்களைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேராதனை வழியாக கலஹா பஸ் ஏறி, அட்டையில் படம் வந்த பாட்டியிடம் முதல் பிரதியைக் கொண்டுபோனோம். லயத்து வாசலில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது எங்கம்மாவுல. எங்கேருந்து எடுத்தீங்க?"

"இல்ல அப்பாயி, அது நீங்க."

"நான் இம்புட்டு மெலிஞ்சா போயிட்டேன்? எழுபத்தி நாலுல எங்கம்மா இப்படித்தான் இருந்திச்சு. பஞ்சத்துல."

1973, 74 காலத்து உணவுத் தட்டுப்பாட்டில் மலையகத் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தது பதிவான வரலாறு. நாங்களும் வாசித்திருக்கிறோம். இரண்டு மணித்தியால நேர்காணலில் அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்றைக்கும் மேலே ஒன்றும் சொல்லவில்லை. பிளேன்டீ ஊற்றித் தந்தார். புத்தகத்தை அட்டை கீழே இருக்கிற மாதிரி கவிழ்த்து வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், கெமராவில் இருந்த அசல் படத்தையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவர் மெலிந்தவரே இல்லை. தோள் அகலமான, கன்னம் நிறைந்த மனுசி.

கிராஃபிக்ஸ் கார்ட் விஷயத்தை இனியும் விட ஏலாது என்று அப்போதுதான் முடிவெடுத்தோம். அடுத்த நாள் சி.பி.யு., மொனிட்டர், கேபிள் எல்லாவற்றையும் ஒரு த்ரீவீலில் ஏற்றி, கொம்பியூட்டர் திருத்துகிற நானா ஒருவரிடம் கொண்டுபோனோம். கார்டைப் பார்க்கக்கூட இல்லை அவர். முதலில் டிவைஸ் மெனேஜரைத் திறந்தார். டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் கார்டின் சொந்தப் பெயர் இருந்தது. "டிரைவர் சரி. அங்க மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே எண்டு இருந்திருந்தா டிரைவர் இல்லைண்டு அர்த்தம்." அடுத்து மொனிட்டர் என்ற இடத்தைத் திறந்தார். 'ஜெனரிக் நொன்-பிஎன்பி மொனிட்டர்' என்று இருந்தது.

"இங்கதான் வருத்தம். மொனிட்டர் தன்ட பேரச் சொல்லி இருக்கும். கார்டுக்குக் கேக்கல்ல."

கேபிளைக் கழற்றி முனையைக் காட்டினார். நீல நிற விஜிஏ கேபிள், மூன்று வரிசையில் ஐந்து ஐந்தாக 15 முள். கீழ் வரிசையில் இரண்டாவது முள் அடியோடு முறிந்திருந்தது.

அவர் சொன்னதையும் பிறகு நாங்கள் தேடி வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். விஜிஏ 1987இல் ஐபிஎம் கொண்டுவந்தது. அதில் 1, 2, 3ஆம் முட்கள் சிவப்பு, பச்சை, நீல நிறங்களைக் கொண்டுபோகும். 13உம் 14உம் படத்தை ஆடாமல் நிறுத்தும். இந்த ஐந்தும் நன்றாக இருந்தால் படம் வரும், பிழை இருப்பதே தெரியாது. 1994இல் வெசா என்ற தொழிற்துறை அமைப்பு, மொனிட்டர் தன்னைப் பற்றிய விபரத்தைக் கார்டுக்குத் தானே சொல்ல ஒரு முறை வகுத்தது. ஈடிஐடி என்று பெயர். வெறும் 128 பைட். யார் செய்தது, எந்த மொடல், எந்த அளவு தனக்குப் பொருந்தும், எவ்வளவு வேகம் தாங்கும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். அது வருவது 12ஆம், 15ஆம் முட்கள் வழியாக. எங்கட கேபிளில் முறிந்திருந்தது 12. விபரம் வந்து சேராவிட்டால் கொம்பியூட்டர் பயந்துகொண்டு, எல்லா மொனிட்டரும் தாங்கக்கூடிய பழைய 4:3 அளவுகளை மட்டும் காட்டும்.

நானா வேறு கேபிள் ஒன்றைச் செருகினார். 650 ரூபா. திரை ஒருமுறை கறுத்துத் திரும்பி வந்தது. பட்டியலில் 1920×1080, பக்கத்தில் 'ரெக்கமெண்டட்'. பழைய கார்ட் அதைச் சும்மா தாங்கியது.

உங்களுக்கும் இப்படி நடந்தால், காசு செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். பெயின்டில் ஷிஃப்டை அழுத்திப் பிடித்து ஒரு வட்டம் வரைந்து, திரையிலேயே அடிமட்டம் வைத்து அளங்கள். எங்கட பழைய கேபிளில் குறுக்கே 12 சென்டிமீற்றர் வந்த வட்டம் நெடுக்கே 9தான் வந்தது. இரண்டும் சமமில்லை என்றால், மொனிட்டரின் சொந்த மெனுவில் 'ஆஸ்பெக்ட்' 4:3க்கு மாறுமா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டி விழும், மங்கல் போகாது, ஆனால் உருவம் சரியாக இருக்கும், அவசரத்துக்கு அது போதும். பிறகு டிரைவர். பிறகு கேபிள். 9ஆம் முள் இல்லாமலேயே நிறையக் கேபிள்கள் வரும், அதைப் பார்த்துப் பதறவேண்டாம். கார்டில் வேறு பிளக் இருந்தால், டீவிஐயோ எச்டிஎம்ஐயோ, அதையும் முயன்று பாருங்கள். லினக்ஸ் பாவிப்பவர்கள் எக்ஸ்ரேண்டர் கட்டளையால் அளவைக் கையாலேயே கொடுக்கலாம், ஆனால் மொனிட்டர் தாங்காததைக் கொடுத்தால் 'அவுட் ஒஃப் ரேஞ்ச்' என்று திரை கறுத்துவிடும். இவ்வளவும் பார்த்தும் சரிவரவில்லை என்றால்தான் கார்டைப் பற்றி யோசிக்கவேண்டும்.

கேபிளின் கணக்கு இதோடு முடிந்தது. எங்கட கணக்கு முடியவில்லை. திரையில் பாட்டிமார் அகலமாய்த் தெரிந்தபோது, "இது பிழை" என்று எங்களுக்கு உடனே பட்டது. ஒரு ஆளாவது கேட்டிருக்கலாம், அசல் படத்தை எடுத்துப் பார்த்திருக்கலாம். கேட்கவில்லை. அதே பாட்டிமார் அச்சில் எலும்பும் தோலுமாய் வந்தபோது, 200 பிரதிகளைப் புரட்டியும் ஒருவருக்கும் பிழையாகப் படவில்லை. எங்களில் முக்கால்வாசிப் பேர் லயத்தில் பிறந்தவர்கள். எங்கட சொந்த அப்பாயிமாரை நாங்களே எப்படிப் பார்த்துப் பழகியிருக்கிறோம் என்பதற்கு கேபிளில் குற்றம் சொல்ல முடியாது.

திரும்ப அச்சடிக்க நான்கு மாதம் பிடித்தது. கொடுத்த பிரதிகளில் இன்னும் 37 வெளியில் இருக்கின்றன. இப்போது எங்கட கொம்பியூட்டரின் டெஸ்க்டொப்பில் 'வட்டம்' என்று ஒரு ஃபைல் உண்டு, பக்கத்தில் அடிமட்டம். வேலை தொடங்குமுன் யாராவது அளக்கவேண்டும். அச்சுக்குப் போகுமுன் படத்தில் இருப்பவரிடம் ஒரு தாளைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும்.

புதுப் பிரதியைக் கொண்டுபோனபோது கலஹா அப்பாயியிடம், எழுபத்து நான்காம் ஆண்டைப் பற்றிப் பேசுவீர்களா என்று கேட்டோம். உடனே பதில் சொல்லவில்லை. நாங்கள் கிளம்பும்போது கூப்பிட்டு, "வர்றதுன்னா முதல் நாளே சொல்லிட்டு வாங்க. அன்னைக்கு மாதிரி கொழுந்து எடுத்துட்டு வந்த சேலையோட படம் புடிக்கக் கூடாது" என்றார்.