பதினாலு வளைவு, ஒரு திருகு

மேட்டுப்பாளையத்துக்கு வருகிறவர்களில் மூன்று ரகம் உண்டு. நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, மலையைப் பார்த்து 'ஆஹா' என்பவர்கள் முதல் ரகம். மலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உருளைக்கிழங்கு மண்டிக்குப் போய் மூட்டை விலை கேட்பவர்கள் இரண்டாவது (பிழைக்கத் தெரிந்தவர்கள்!). மூன்றாவது ரகம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில்தான் தட்டுப்படும். கோயமுத்தூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓட்டி வந்து, ஊட்டி ரோடு டீக்கடை வாசலில் பைக்கை நிறுத்தி, டீ வருவதற்குள் குனிந்து பின்சக்கரத்துப் பக்கம் எதையோ திருகிக்கொண்டிருக்கும்.

அந்த 'எதையோ'தான் ஷாக் அப்ஸார்பர். அதிலும் நம் இஷ்டத்துக்குத் திருகி மாற்றிக்கொள்ளக்கூடிய ரகம். ரேஸ்காரர்களின் செல்லப்பிள்ளை. இன்றைக்கு ஆபீஸ் போகிற பைக்குகளுக்கும் அதன் தம்பி, சித்தப்பா பையன் எல்லாம் வந்துவிட்டார்கள்.

முதலில் மலையைப் பார்த்துவிடுவோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் அடி சொச்சம். ஊட்டி ஏழாயிரம் அடி சொச்சம். இரண்டுக்கும் நடுவில், கல்லாறு தாண்டி பர்லியாறு வழியாகக் குன்னூர் போகிற ரோட்டில், 14 கொண்டை ஊசி வளைவுகள்.

இந்த மலையை ரயில்காரர்கள் நம்பவே இல்லை. இரும்புச் சக்கரம் வழுக்கிவிடும் என்று, கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் பட்டை போட்டு, என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும்படி செய்தார்கள். 12 அடி போனால் ஒரு அடி ஏற்றம். குன்னூர் வரை 1899-ல் ரயில் ஓடியது, ஊட்டிக்கு 1908-ல். 2005-ல் யுனெஸ்கோவே உலகப் பாரம்பரியச் சின்னம் என்று சொல்லிவிட்டது. 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். யாருக்கும் அவசரமில்லை.

ரயிலுக்குப் பல்சக்கரம். நம் பைக்குக்கு? தரையைத் தொடுகிற இடத்தில் டயர் இருக்கிற அகலம், ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பிரேக், வளைவு, உங்கள் எல்.ஐ.சி. பாலிசி எல்லாம் அந்த இரண்டு உள்ளங்கை ரப்பரை நம்பித்தான். அந்த ரப்பரைத் தரையை விட்டுப் பிரியாமல் வைத்திருப்பதுதான் ஷாக் அப்ஸார்பரின் உத்தியோகம். ஸீட் சுகமாக இருப்பதெல்லாம் அப்புறம்தான்.

எப்படி வைத்திருக்கிறது? பி.காம். மூளைக்கு எட்டியபடி சொல்கிறேன். என்ஜினீயர்கள் மன்னிக்க.

ஷாக் அப்ஸார்பர் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்று. அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். ஸ்பிரிங் ஒரு அதிசய பாங்க். மேடு வந்து அடித்தால் அந்த சக்தியை அப்படியே டெபாசிட்டாக வாங்கிக்கொள்ளும். அடுத்த நொடியே மொத்தத்தையும் திருப்பி உங்கள் முதுகில் கொடுக்கும். அதை வாங்கி, மறுபடி கொடுத்து, மறுபடி வாங்கி... வெறும் ஸ்பிரிங்கை மட்டும் மாட்டினால் வண்டி பர்லியாறு வரை தவளை மாதிரி குதித்துக்கொண்டே போகும்.

இந்த இடத்தில்தான் கவுண்ட்டர் வேண்டும். ஸ்பிரிங்குக்கு உள்ளே ஒரு குழாய். குழாய் நிறைய எண்ணெய். எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகள். சக்கரம் ஏறி இறங்கும்போது பிஸ்டனும் நகர வேண்டும். எண்ணெய் அந்த ஓட்டை வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போனால்தான் அது நகர முடியும். அந்த நெருக்கடியில் எண்ணெய் சூடாகிறது. குதிக்க வேண்டிய சக்தியில் பெரும்பகுதி சூடாகிப் போய்விடுகிறது. சர்வீஸ் சார்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கவுண்ட்டர்கள் இரண்டு. ஸ்பிரிங் அமுங்கும்போது பணம் கட்டுகிற கவுண்ட்டர்: 'கம்ப்ரெஷன்'. அது நிமிரும்போது பணம் எடுக்கிற கவுண்ட்டர்: 'ரீபவுண்ட்'. சாதாரண வண்டியில் இரண்டு ஜன்னலின் அகலத்தையும் கம்பெனியே தீர்மானித்து மூடி ஒட்டிவிடுகிறது. ரேஸ் ரகத்தில் வெளியே ஒரு திருகு இருக்கும். அதைத் திருகினால் உள்ளே ஊசிமுனை போல ஒரு கம்பி, எண்ணெய் போகிற ஓட்டைக்குள் நுழைந்து வழியைக் குறுக்கும். வலப்பக்கம் திருகினால் வழி குறுகி இறுக்கம் கூடும். இடப்பக்கம் என்றால் தளரும். ஒவ்வொரு படிக்கும் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் ரகசியம்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. சம்பளத் தேதியில் ஒரு ஜன்னல் போதுமா? போதாது. சக்கரம் திடீரென்று குழியில் விழுந்தால் பிஸ்டன் பாய்ந்து நகரும். அப்போது ஊசி வழி காணாது. அதற்காகப் பிஸ்டனில் மெல்லிய எஃகு வில்லைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். கூட்டம் நெருக்கினால் வில்லைகள் வளைந்து, இன்னொரு கதவு திறக்கும். ரேஸ்காரர்கள் 'லோ ஸ்பீடு', 'ஹை ஸ்பீடு' என்று பேசிக்கொள்வது இந்தப் பிஸ்டனின் வேகத்தை. உங்கள் ஸ்பீடாமீட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 30 கிலோமீட்டரில் போய்க் குழியில் விழுந்தால் அது ஹை ஸ்பீடு. 100-ல் போய் நிதானமாக பிரேக் பிடித்து வண்டி மூக்கைத் தாழ்த்தினால் அது லோ ஸ்பீடு.

பக்கத்தில் குட்டி சிலிண்டர் ஒன்று தொங்குகிறதே, அது? அதற்குள் நைட்ரஜன் வாயு. அடித்து அடித்து எண்ணெய் நுரைத்துவிட்டால் கவுண்ட்டரில் ஆளே இல்லாத மாதிரி. ஓட்டையில் நுரை சுலபமாகப் போய்விடும், வண்டி தள்ளாடும். நுரைக்காமல் எண்ணெயை அழுத்தி வைத்திருப்பதுதான் வாயுவின் வேலை.

இந்த வித்தையில் உலகப் புகழ் பெற்ற பெயர்கள் ஹாலந்தின் கோனியும், கென்ட் ஓலின் 1976-ல் ஸ்வீடனில் ஆரம்பித்த ஓலின்ஸும். 1992-ல் வில்லியம்ஸ் கார் திருகையே கம்ப்யூட்டர் கையில் கொடுத்துவிட்டது. நைஜல் மான்செல் அந்த வருஷம் உலக சாம்பியன். 1994-லிருந்து அது கூடாது என்று தடை போட்டார்கள். மறுபடியும் மனுஷன் கையில் ஸ்பானர்.

கோயமுத்தூர்க்காரர்களுக்குத் திருகு ஆசை சும்மா வரவில்லை. மில், பம்ப்செட், ஃபவுண்டரி, லேத் என்று வளர்ந்த ஊர். வாங்கின சாமானை ஒரு தடவையாவது பிரித்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. இங்கேதான் எஸ். கரிவரதன், மாருதி என்ஜினை வைத்து ஒற்றை ஸீட் ரேஸ் கார் செய்தார். வெளிநாட்டு கார் வாங்க வசதியில்லாத பையன்களும் ஃபார்முலா கார் என்றால் என்ன என்று உட்கார்ந்து பார்க்க முடிந்தது. 1995-ல் விமான விபத்தில் அவர் போய்விட்டார். செட்டிபாளையத்தில் இருக்கிற 2.1 கிலோமீட்டர் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயர் சொல்கிறது. அந்த ஃபார்முலா மாருதியில் ஆரம்பித்த கோயமுத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன், சவுத் இண்டியா ராலியை ஏழு தடவை ஜெயித்தவர்.

ரேஸ் குழுக்களிடம் நாம் கற்க வேண்டியது ஸ்பானர் பிடிப்பதை அல்ல, நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வதை. திருகை முழுக்க மூடி, அங்கிருந்து எத்தனை க்ளிக் வெளியே என்று எண்ணி எழுதுவார்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். சில சுற்று ஓட்டு. டிரைவர் என்ன சொல்கிறார், ஸ்டாப்வாட்ச் என்ன சொல்கிறது, எழுது. சரியில்லையா, பழைய க்ளிக்குக்குத் திரும்பு. இரண்டை ஒரே சமயத்தில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. கேஷ் புக் எழுதிய கைகளுக்கு இது புதிதா என்ன?

டீக்கடைக்குத் திரும்புவோம். பக்கத்தில் ஒரு மெக்கானிக் கடை. ஐம்பது வயசு தாண்டியவர். ஒரு இளைஞர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, இதை ஃபுல்லா டைட் வெச்சுட்டா ரேஸ் வண்டி மாதிரி நிக்குமாமே?"

"நிக்கும் கண்ணு. ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும்."

சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "பின்னால ஆளு, பையின்னு இருந்தா ரெண்டு படி ஏத்திக்கோங்க. ஒத்தையாப் போறதுக்கு எதுக்குங் கண்ணு?"

மனிதர் சொன்னதில் ஒரு முழுப் பாடமே இருக்கிறது. ஸ்ப்ளெண்டரில்கூட இருக்கிற ஐந்து படித் திருகு, எண்ணெய் வழியைத் தொடுவதே இல்லை. அது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிற 'ப்ரீலோடு'. பாரம் ஏறினால் பின்பக்கம் தொங்காமல் உயர்த்திக் கொடுக்கும். ஒல்லியான ஆள் தனியாகப் போகும்போது அதைக் கடைசிப் படியில் வைத்தால், வண்டி உட்காரவே உட்காராது. நீட்ட வேண்டிய நீளத்தை ஏற்கெனவே நீட்டிவிட்டதால், குழி வந்தால் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட இடமிருக்காது. அந்தக் கணத்தில் பின்டயர் அந்தரத்தில். நீங்களோ வளைவில்.

நிஜமான ரீபவுண்ட் திருகு உள்ள வண்டியில் அபாயம் வேறு மாதிரி. முழுக்க இறுக்கிவிட்டால் பணம் எடுக்கிற கவுண்ட்டர் ஆமை வேகம். ஒரு மேட்டின் டெபாசிட்டைத் திருப்புவதற்குள் அடுத்த மேடு வந்து பணம் கட்டும். அதற்குள் இன்னொன்று. ஸ்பிரிங் நிமிர நேரமே இல்லாமல் கீழே கீழே போய், கடைசியில் வண்டி கட்டையாகிவிடும். மழைக்குப் பின் மலை ரோட்டில் வரிசையாக வருகிற குழிகளில் இதுதான் நடக்கும். செட்டிபாளையத்தில் மொழுமொழுவென்ற ட்ராக்கில் பொருந்துகிற இறுக்கம், பர்லியாறு ஈரத்தில் விரோதி. ரேஸ்காரர்களே மழை வந்தால் பெரும்பாலும் தளர்த்தத்தான் செய்வார்கள்.

ஆகவே ஏறுவதற்கு முன்னால்:

வண்டியின் புத்தகத்தில் உள்ள கணக்கில் திருகுகளை வைத்து, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பின் ஸீட்டை அழுத்திக் கைவிடுங்கள். நிமிர்ந்து, அடங்கி நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் உள்ளே எண்ணெய் வேலை செய்யவில்லை. குழாயில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் இன்றைக்கு ரயிலில் போங்கள்.

டயர் காற்றைப் பாருங்கள். அதைப் பார்க்காமல் க்ளிக் எண்ணுவது, தாலியை மறந்துவிட்டு மேளக்காரரைத் தேடுகிற கல்யாணம்.

கல்லாறு தாண்டினால் பாக்குத் தோப்பின் நிழல், குளிர் காற்று, முதல் வளைவு. எதிரே உருளைக்கிழங்கு லாரி ஒன்று இறங்கி வரும். அதன் பட்டை வில்லில் திருகும் இல்லை, க்ளிக்கும் இல்லை. டிரைவர் செகண்ட் கியரில் உருட்டிக்கொண்டு வருவார். ஓரம் கட்டி வழி விடுங்கள்.

அப்புறம், வெளியூர் வண்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள். எடுத்தாச்சா?