பிள்ளைச்சாவடியில் ஒரு மாலை

புதுவை நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் பயணம் செய்வோர் ஒரு விந்தையைக் காணலாம். நகரின் எல்லை முடிந்ததும் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு தொடங்குகிறது. சில ஊர்களைக் கடந்ததும் மீண்டும் புதுவை ஆட்சிப்பகுதி வந்துவிடுகிறது. இவ்வாறு இரு அரசுகளின் நிலம் மாறி மாறி வரும் அக்கரையில், காலாப்பட்டுக்கு அருகே, அலையோசை ஓயாத மீனவர் ஊராகிய பிள்ளைச்சாவடி அமைந்திருக்கிறது. மேற்கே வில்லியனூரும் தெற்கே பாகூரும் இத்தகைய எல்லைப் பின்னலுக்குள்தான் இருக்கின்றன. மனிதர் நட்ட எல்லைக் கற்களைக் கொசு அறியாது. இக்கதைக்கும் அதுவே தொடக்கம்.

மாலை வெயில் தணிந்த வேளையில் நாம் அவ்வூரை அடைந்தோம். முதிய அம்மையார் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். முன்னே ஒரு தாம்பாளம், ஒரு குவளை நீர், ஒரு சோப்புக்கட்டி. முழங்காலுக்குக் கீழே தூணென வீங்கியிருந்த தம் இடக்காலை, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல மெல்லக் கழுவிக்கொண்டிருந்தார். விரல் இடுக்குகளையும் தோல் மடிப்புகளையும் ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுத்தார். பின்னர்க் காலைத் தூக்கி ஒரு தலையணைமேல் வைத்துக்கொண்டு, "உக்காருங்க தம்பி" என்றார்.

அவர் பிறந்தது புதுவை நகரில், பெரிய வாய்க்காலுக்கு அருகே. மணமாகி இவ்வூருக்கு வந்தவர். மீன் கூடையைத் தலையில் சுமந்து நகருக்குச் சென்று விற்றே பிள்ளைகளை வளர்த்தார். இளமையில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தது. பின்னர் கால் வீங்கியது. "மாசத்துல நாலு நாள் காய்ச்சல்ல படுத்துடுவேன். அந்த நாலு நாளும் அடுப்பு எரியாது" என்றார்.

யானைக்கால் நோய் உயிரைப் பறிப்பது அரிது; வாழ்வைப் பறித்துக்கொண்டு உயிரை விட்டுவைக்கும். அதனாலேயே உலக சுகாதார நிறுவனம் இதனைப் 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' என்ற வரிசையில் சேர்த்திருக்கிறது. எளியோரைப் பீடிக்கும் நோய்; எளியோரின் குரல் தலைநகரங்களை எட்டுவதற்கு நெடுநாள் ஆகிறது.

இந்நோயைத் தருவது நூலினும் நுண்ணிய ஒரு புழு. அதனைச் சுமந்து வருவது சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு. 1877இல் சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர், இப்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். புழுவின் குஞ்சுகள் பகலில் உடலின் உட்புறத்தே ஒதுங்கியிருந்து, கொசு கடிக்கும் நள்ளிரவை ஒட்டியே தோலருகே உள்ள குருதிக்கு வருகின்றன. ஆகையால் நோயைத் தேடும் அரசுப் பணியாளரும் இரவிலேயே வரவேண்டியதாயிற்று.

"ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான் கதவைத் தட்டுவாங்க. தூங்குற புள்ளைங்க விரல்ல ஊசி குத்தி, கண்ணாடித் துண்டுல ரத்தம் எடுப்பாங்க. எங்க மாமியா கதவையே திறக்க மாட்டாங்க" என்று அம்மையார் சிரித்தார்.

இந்திய அரசு தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தை 1955ஆம் ஆண்டில் தொடங்கியது. புழுவுள்ளோருக்கு டை எத்தில் கார்பமசின் மாத்திரை, சாக்கடைகளில் கொசுப்புழுக் கொல்லி என அது நடைபெற்றது. 1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதுவையில் கொசு முதலிய நோய்பரப்பிகளை ஆராயும் மையத்தை நிறுவியது. டாக்டர் பி. கே. ராஜகோபாலன் அதன் இயக்குநராயிருந்த காலத்தில், 1981 முதல் 1985 வரை, புதுவை நகரில் ஒரு பெருமுயற்சி நடந்தது. மருந்து தெளிப்பதை மட்டுமே நம்பாமல், சாக்கடைகளை ஓடச் செய்தனர், பள்ளங்களைத் தூர்த்தனர், நீர்ச்செடிகளை அகற்றினர், கொசுப்புழுவைத் தின்னும் மீன்களை நீர்நிலைகளில் விட்டனர். கொசு வெகுவாகக் குறைந்தது. ஆயின் அவ்வைந்தாண்டுப் பணி முடிந்து கவனம் தளர்ந்தபின், கொசு மீண்டும் பெருகியது. வாய்க்காலைத் துப்புரவு செய்வது ஒரு நாள் விழா அன்று. அன்றாடக் கடமை என்பதைப் புதுவை கற்றுக்கொண்டது.

அப்பணியில் திரட்டிய கணக்குகள் வீண்போகவில்லை. மனித உடலில் இப்புழு பல ஆண்டுகள் வாழ்ந்து குஞ்சு பொரிக்கிறது. எனவே எத்தனை ஆண்டுகள், மக்களில் எத்தனை பேர் மாத்திரை உண்டால் நோய் பரவுவது நிற்கும் என்று கணக்கிட வேண்டும். அதற்கெனப் புதுவை மையமும் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரப் பல்கலைக்கழகமும் இணைந்து ஒரு கணினி மாதிரியை உருவாக்கியபோது, அதற்கு ஆதாரமாய் நின்றவை புதுவை மக்களின் இரத்தத் துளிகளே. இரவில் கதவைத் திறந்த குடும்பங்கள் உலகுக்கே உதவின என்றால் மிகையாகாது.

நோயுள்ளோரை மட்டும் தேடிப் பிடிப்பதைவிட, ஊரார் அனைவருக்கும் ஆண்டுக்கொரு முறை மருந்தளிப்பதே வழி என்ற முடிவுக்கு உலகம் வந்தது. 2000ஆம் ஆண்டில் உலகளாவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. இந்தியா 2004 முதல் நாடு தழுவிய கூட்டு மருந்தளிப்பை மேற்கொண்டது. பின்னர் குடற்புழு மாத்திரையாகிய அல்பெண்டசோலும் சேர்க்கப்பட்டது. கருவுற்ற தாய்மாரும், இரண்டு வயது நிறையாத குழந்தைகளும், கடும் நோயாளிகளும் தவிர, எல்லாரும் உண்ணவேண்டும்.

அரசுக்குப் பெருஞ்சோதனை இங்கேதான். நோயாளி மருந்துண்பது இயல்பு. நோயே இல்லாதவன் அயலான் பொருட்டு மருந்துண்ண வேண்டுமென்றால்? "வீட்டுக்கு வீடு கொடுத்துட்டுப் போவாங்க. பாதிப் பேரு அஞ்சறைப் பெட்டியிலே போட்டு வெச்சுடுவோம்" என்று அம்மையார் ஒளிக்காமல் சொன்னார். ஏட்டில் 'வழங்கப்பட்டது' என்று எழுதப்பட்டது, வயிற்றுக்குள் செல்லவில்லை. உடலில் புழுவுள்ள சிலருக்கு, அது மடியும்போது காய்ச்சலும் தலைசுற்றலும் வருவதுண்டு. அதனை முன்கூட்டியே சொல்லாத இடங்களில் அச்சம் பரவிற்று. ஆகவே, பணியாளர் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கச் செய்யவேண்டும் என்பது பின்னர் வலியுறுத்தப்பட்டது. வழங்கியதை எண்ணுவது எளிது; உண்டதை எண்ணுவது கடினம். திட்டத்தின் வெற்றி இரண்டாவதில்தான் இருக்கிறது.

பள்ளிகளில் ஆறேழு வயதுக் குழந்தைகளின் ஒரு துளி இரத்தத்தைச் சோதிப்பதே நோய்ப்பரவல் நின்றதா என்று அறியும் முறை. மருந்தளிப்புத் தொடங்கிய பின் பிறந்த குழந்தையிடம் புழுவின் அடையாளம் இல்லையென்றால், சங்கிலி அறுந்தது எனக் கொள்ளலாம். இச்சோதனையைப் பகலிலேயே செய்ய இயலும். இவ்வாறு ஆய்ந்து கூட்டு மருந்தளிப்பு நிறுத்தப்பட்ட பகுதிகளுள் புதுவையும் ஒன்று. அண்டை நாடான இலங்கை, யானைக்கால் நோய் பொதுநலச் சிக்கலாக இல்லாதொழிந்த நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. இந்தியாவோ 2002ஆம் ஆண்டுக் கொள்கையில் 2015 என்றும், 2017ஆம் ஆண்டுக் கொள்கையில் அவ்வாண்டே என்றும் குறித்த இலக்கு, பின்னர் 2027க்குத் தள்ளிப்போயிற்று. பீகார் போன்ற மாநிலங்களில் மூன்று மருந்துகளைச் சேர்த்தளிக்கும் முறை 2018 முதல் கையாளப்படுகிறது.

எண்கள் நல்ல செய்தியையே சொல்கின்றன. ஆயினும் நம் முன்னே தலையணைமேல் இருந்த அக்கால் எந்த எண்ணிலும் அடங்கவில்லை. மாத்திரை புழுவைக் கொல்லும். வீங்கித் தடித்த காலைப் பழைய நிலைக்கு மீட்டுத் தராது. புதிதாக எவருக்கும் நோய் வராத நாளிலும், முன்னரே வந்தவர் இருப்பார். அவருக்கு வேண்டுவது நாள்தோறும் சோப்பும் தூய நீரும் கொண்டு கழுவுதல், ஈரம் துடைத்தல், வெடிப்புக்கு மருந்திடல், காலை உயர்த்தி வைத்தல், ஏற்ற காலணி. தோல் வெடிப்பு வழியே கிருமி நுழைவதால்தான் அக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது. இச்சிறு பணியை அம்மையாருக்கு எவரும் இருபது ஆண்டுகளாகச் சொல்லித் தரவில்லை. பின்னர் ஒரு செவிலிப்பெண் தரையில் அமர்ந்து, தம் கையால் அக்காலைக் கழுவிக் காட்டினாராம்.

"அந்தப் பொண்ணு என் காலைத் தொட்டுச்சு பாருங்க... என் மருமவளே அதுக்கப்புறம்தான் தொட்டா" என்றார். அவர் கண்கள் கலங்கின. அதன்பின் காய்ச்சல் வருவது அரிதாகிவிட்டதாம்.

அப்போது பள்ளிச் சீருடையுடன் பேரன் ஓடிவந்து பாட்டியின் மடியில் சாய்ந்தான். அவனுடைய மெல்லிய கால்களை அவர் தடவிக்கொடுத்தார். "இந்த வீட்டுல இந்தக் காலே கடைசிக் காலா இருக்கட்டும்" என்றார்.

அவ்விருப்பம் நிறைவேறுவது அரசின் கையில் மட்டும் இல்லை. கழிவுத் தொட்டியின் காற்றுக் குழாய்க்கு ஒரு வலைத்துணி கட்டுவது நம்மால் ஆகும். வாய்க்காலில் குப்பை கொட்டாதிருப்பது நம்மால் ஆகும். மருந்தளிப்பு நடைபெறும் ஊரில் இருந்தால், நலமுடன் இருப்பினும் அயலார் பொருட்டு உண்பது நம்மால் ஆகும். வீங்கிய காலைக் கண்டு விலகாதிருப்பதும் நம்மால் ஆகும்.

கடற்காற்று வீசத் தொடங்கியது. நாம் விடைபெற்று எழுந்தபோது, அம்மையார் தாம்பாளத்து நீரைத் தேங்கவிடாமல் தென்னையின் அடியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.