ஒன்றில் கொஞ்ச நாள் இருந்து பார், தம்பி

பொம்மசந்திரா, பெங்களூரு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. மாமாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட், இப்போதுதான் சாப்பிட்டுப் படுத்தார். பாப்பா எழுந்திருப்பதற்குள் உனக்கு எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் இரண்டு தடவையாவது படிப்பாய்.

நேற்று அம்மா பேசினாள். "கம்ப்யூட்டரைப் போட்டா வாரத்துக்கு ஒரு மாதிரி வருதுடி. அப்பா பென்ஷன் பேப்பரைத் தேடித் தேடிப் பார்த்துட்டு எழுந்து போயிட்டார்" என்றாள். உன்னிடம் அப்பா ஒன்றுமே கேட்கவில்லையாம். திட்டியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து திண்ணைக்குப் போனால் மனசு நொந்திருக்கிறது என்று உனக்குத் தெரியாதா?

நீ லினக்ஸ் பக்கம் போனதில் எனக்குச் சந்தோஷம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. நம் வீட்டுப் பெட்டியில் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்துக்கொள்கிறது, அதற்கு மேல் டி.பி.எம். 2.0 சிப்பும் கேட்கிறது. நன்றாக ஓடுகிற ஒரு பெட்டியை அதற்காகக் காயலான் கடையில் போட நீ சம்மதிக்கவில்லை பார், அங்கேதான் நீ என் தம்பி.

உனக்கு இந்த ஆசை நேற்று வந்ததும் இல்லை. ப்ளஸ் டூவில் எனக்குக் கொடுத்தார்களே இலவச லேப்டாப், ஞாபகம் இருக்கிறதா? 2011 செப்டம்பர் 15-ல் அந்தத் திட்டம் தொடங்கியது. எனக்கு வந்த பெட்டியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்தால் இரண்டில் எது வேண்டும் என்று கறுப்புத் திரையில் கேட்கும். என் சிநேகிதிகள் யாரும் விண்டோஸைத் தாண்டிப் போனதில்லை. மூன்றாம் வகுப்புப் பயல் நீதான் அம்புக்குறியைக் கீழே தள்ளித் தள்ளி மற்றதைத் திறப்பாய். அது சி-டாக் நிறுவனத்தார் சென்னையில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-ல் வெளியிட்டது என்பதெல்லாம் அப்போது நமக்கு எங்கே தெரியும்? மெனுவில் தமிழ் வந்ததைப் பார்த்து நீ கத்திய கத்தல் மட்டும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆனால் தம்பி, இப்போது நீ செய்வது வேறு. லினக்ஸில் முதலில் உபுண்டு போட்டாய், பிடிக்கவில்லை என்று சோரின். அப்புறம் மின்ட், அப்புறம் ஃபெடோரா. இப்போது ஆர்ச் போடப் போகிறேன் என்கிறாய். ஒவ்வொரு முறையும் டிஸ்க்கை முழுசாக அழித்து முதலிலிருந்து. எதனால் மாற்றினாய் என்று கேட்டால் "சும்மா பார்க்கலாம்னு" என்கிறாய். உபுண்டு 2004-ல் டெபியனிலிருந்து பிறந்தது. மின்ட்டும் சோரினும் உபுண்டுவின் மேல் நிற்கின்றன. நாம் பார்த்த பாஸும் டெபியன்தான். ஆக நீ இத்தனை நாளும் பெரும்பாலும் ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வேறு வேறு சுண்ணாம்பு அடித்திருக்கிறாய். உள்ளே கெர்னல் அதேதான், 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. கோப்புகள் கிடக்கும் விதமும் ஏறக்குறைய அதேதான்.

வித்தியாசம் நிஜமாக எங்கே இருக்கிறது என்றால், மென்பொருளை எப்படிக் கொண்டுவந்து சேர்க்கிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது, எவ்வளவு காலம் பார்த்துக்கொள்கிறது என்பதில்தான். டெபியன் குடும்பத்துக்கு ஏ.பி.டி., ஃபெடோராவுக்கு டி.என்.எஃப்., ஆர்ச்சுக்கு பேக்மேன். ஃபெடோரா ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு விடும், ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் பழையதைக் கைவிட்டுவிடும். ஆர்ச்சில் பதிப்பு என்பதே இல்லை, புதியது வந்துகொண்டே இருக்கும், கூடவே நாமும் ஓட வேண்டும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. அப்பா உட்காருகிற பெட்டிக்கு இதில் எது பொருந்தும் என்று நீயே சொல்.

அவருடைய பென்ஷன் கோப்பு கெட்டுப்போகவில்லை, பயப்படாதே. நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆங்கில எழுத்தும் மேலே கீழே கோடும் புள்ளியுமாகத் தெரிந்ததே, அது வானவில் எழுத்துருவில் அடித்தது. யுனிகோடுதான் தரம் என்று தமிழக அரசு 2010-லேயே சொல்லிவிட்டாலும், அப்பா ஆபீஸில் பழகிய கை விடுமா? நீ அழிக்காமல் வைத்திருக்கும் பழைய ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்று இருக்கும். அதிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்து லினக்ஸில் நிறுவிவிட்டு, லிப்ரே ஆபீஸை மூடித் திற. மனு எல்லாம் தமிழாக வந்து நிற்கும். புதிதாக அடிக்க ஐபஸ் எம்17என் போட்டுக் கொடு. அதில் தமிழ்99 இருக்கிறது, பழைய டைப்ரைட்டர் விசைமுறையும் இருக்கிறது. அப்பாவுக்கு இந்த இரண்டாவதுதான் வேண்டும். இன்ஸ்டிடியூட்டில் கற்று முப்பது வருஷத்துக்கு மேல் அடித்த விரல், அதை இந்த வயதில் மாற்றச் சொல்லாதே.

என் வேலையைப் பற்றி உன்னிடம் அதிகம் சொன்னதில்லை. மாத்திரை கம்பெனியில் கியூ.சி. என்றால் நாள் முழுக்கச் சோதனைக் குழாயோடு நிற்பது என்று நினைத்துக்கொண்டிருப்பாய். பாதி வேலை எழுத்து வேலைதான். மருந்து எடை போடும் தராசை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு நகர்த்துவதானாலும் சேஞ்ச் கன்ட்ரோல் பேப்பர் எழுத வேண்டும். எதற்காக நகர்த்துகிறோம், நகர்த்தினால் எதெல்லாம் பாதிக்கும், யாரிடம் சொன்னோம், நகர்த்திய பிறகு அளவுக்கல் வைத்துப் பார்த்தோமா, சரியில்லை என்றால் பழைய இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தராசில் கை வைக்கலாம். சேர்ந்த புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. ஒருநாள் எடை ஒத்துவராமல் போனபோது அந்தப் பேப்பரைப் புரட்டித்தான் காரணத்தைக் கண்டுபிடித்தோம். எழுதாமல் செய்த மாற்றத்திலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

நீ இனி அப்படிச் செய். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கு. தேதி போடு. என்ன மாற்றினாய், எதற்காக, எந்தக் கட்டளை கொடுத்தாய், என்ன ஆனது, திரும்பப் போக வழி என்ன என்று எழுது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். வைஃபை வரவில்லை என்றதும் லினக்ஸ் வகையையே மாற்றிவிட்டாயே, எந்த டிரைவர் இல்லாமல் வரவில்லை என்று இன்றைக்கு உனக்குத் தெரியுமா? போனை யு.எஸ்.பி.யில் செருகி அதன் நெட்டைக் கொடுத்து, டிரைவரை இறக்கியிருந்தால் அரைமணி வேலை. அந்த அரைமணியில் கற்றிருப்பது உன் கூடவே வந்திருக்கும்.

புதிதாக எதையும் பார்க்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பார், எத்தனை வேண்டுமானாலும் பார். ஆனால் பார்ப்பதற்கு நிறுவ வேண்டியதில்லையே. வென்டாய் போட்ட ஒரு பென்டிரைவில் நாலைந்து ஐ.எஸ்.ஓ.க்களைக் காப்பி செய்துகொள். பூட் மெனுவில் தேர்ந்தெடுத்து லைவாக ஓட்டு. ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் சவுண்டு வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டரைக் கண்டுகொள்கிறதா, எல்லாம் பார்த்துவிடலாம். இறக்கிய ஐ.எஸ்.ஓ.வைச் சரிபார்க்காமல் மட்டும் எழுதாதே. 2016 பிப்ரவரியில் மின்ட் தளத்தையே உடைத்து, திருட்டுவழி வைத்த ஐ.எஸ்.ஓ.வுக்கு இணைப்பை மாற்றி வைத்தார்கள். எஸ்.எச்.ஏ.256 எண்ணை ஒப்பிட்டுப் பார். ஒரு வரிக் கட்டளை, ஒரு நிமிஷ வேலை. சோம்பல் படாதே.

அடுத்த சனிக்கிழமை கம்ப்யூட்டர் சாமான் வாங்க எஸ்.பி. ரோட்டுக்குப் போகிறேன். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழி மெட்ரோ வந்ததிலிருந்து அதெல்லாம் எளிதாகிவிட்டது. பொம்மசந்திராவில் ஏறினால் ஆர்.வி. ரோட்டில் பச்சை வழிக்கு மாறி சிக்பேட்டையில் இறங்கிவிடலாம், சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. உனக்கு ஒரு எஸ்.எஸ்.டி.யும் அதை யு.எஸ்.பி.யில் மாட்டுகிற கூடும் வாங்கி, ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். அது உன் சொத்து. அதில் ஆர்ச் போடு, ஜென்டூ போடு, அழி, மறுபடி போடு. ஆனால் நிறுவும்போது எந்த டிஸ்க் என்று இரண்டு முறை பெயரையும் அளவையும் பார்த்துவிட்டு அழுத்து. பூட்லோடர் எந்த டிஸ்க்கில் போய் உட்காருகிறது என்பதையும் பார். வீட்டு டிஸ்க்கின் ஒயரைக் கழற்றிவிட்டுச் செய்தால் இன்னும் உத்தமம்.

வீட்டு டிஸ்க்கில் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. மட்டும் இருக்கட்டும். நாலு ஜி.பி. ராமுக்கு அது போதும். ஹோம் பார்ட்டிஷனைத் தனியாகப் பிரித்துவிடு, பிற்காலத்தில் சிஸ்டத்தை மாற்ற நேர்ந்தாலும் அம்மா சேர்த்து வைத்த கல்யாணப் படங்கள் இருந்த இடத்தில் இருக்கும். மின்ட்டோடு டைம்ஷிப்ட் வருகிறது, அதை ஆன் செய்து வை. ஆனால் அது சிஸ்டத்துக்குத்தான் காவல். அப்பாவின் கோப்புகளுக்கும் படங்களுக்கும் வேறொரு டிஸ்க்கில் காப்பி வேண்டும். பக்கத்துக் கடைக்கார மாமாவுக்கு டேலி போட்டுத் தருவதாகச் சொன்னாயாமே, அது விண்டோஸில் ஓடுவது. லினக்ஸில் எப்படியாவது ஓட்டிக் காட்டுகிறேன் என்று அவர் கணக்கில் விளையாடாதே.

ஒன்றிலேயே இருந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பாய். கேரளத்துப் பள்ளிக்கூடங்களைப் பார். அத்தனை அரசுப் பள்ளிகளுக்கும் உபுண்டுவை அடிப்படையாக வைத்து ஒரே லினக்ஸ், அதிலேயே பாடம், அதிலேயே வாத்தியார்களுக்குப் பயிற்சி. ஆளுக்கொன்று போட்டிருந்தால் ஒரு வாத்தியார் சொல்வது இன்னொருவருக்கு உதவியிருக்குமா? இன்னொன்றும் நினைத்துப் பார். அன்றைக்கு நீ கத்தினாயே, அந்தத் தமிழ் மெனு தானாக வரவில்லை. சம்பளம் வாங்காமல் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தவர்கள் இருக்கிறார்கள். கணியம் இதழ் 2012 முதல் இதையெல்லாம் தமிழில் இலவசமாக எழுதித் தருகிறது, அதைப் படி. ஒன்றில் நிலைத்து இருப்பவன் கண்ணுக்குத்தான் எந்த மெனுவில் தமிழ் தப்பாக இருக்கிறது, எந்தப் பெட்டியில் எழுத்து வெட்டுப்படுகிறது என்று தெரியும். அதைத் திருத்தி அனுப்பு. உன் ஒரு வரி, யாரோ ஒரு பிள்ளையின் திரையில் போய் நிற்கும். அதைவிட எனக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

உன் வேலை பற்றியும் யோசிக்காமல் இல்லை. எதிர் வீட்டு அண்ணா எலக்ட்ரானிக் சிட்டியில் சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். உன்னைப் பற்றிச் சொன்னேன். "எத்தனை போட்டுப் பார்த்தான்னு நான் கேக்க மாட்டேன். எது உடைஞ்சது, எப்படிச் சரி பண்ணினான்னுதான் கேப்பேன்" என்றார். அந்தக் கேள்விக்கு உன் நோட்டுதான் பதில்.

நான் இங்கே வந்துவிட்டேன். அம்மா அப்பா பக்கத்தில் இருப்பது நீதான். அந்தப் பெட்டி வீட்டுக்குப் பொது. அதில் அப்பாவின் பென்ஷன் இருக்கிறது, அம்மாவின் படங்கள் இருக்கின்றன. உன் ஆசையை நான் தடுக்கவில்லை, அதற்குத் தனி இடம் தருகிறேன் என்கிறேன். மற்றவர் வேலை நிற்காமல், எழுதி வைத்துக்கொண்டு மாற்று. இவ்வளவுதான் அக்கா கேட்பது.

அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். நீ பார்த்து உள்ளதை எழுது. இன்றைக்கே வானவில்லைப் போட்டு, அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து அந்த பென்ஷன் பேப்பரைத் திறந்து காட்டு. பிரிண்ட்டும் எடுத்துக் கொடு. புதன்கிழமைக்குள் நோட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். வரவில்லை என்றால் எஸ்.எஸ்.டி. கிடையாது.

அன்புடன்,
அக்கா