சாய்ந்த பக்கம்

1984இல் நான் எழுதிய கவிதை ஒன்றில் ஓர் அம்பாசிடர் கார் வருகிறது. பின்புறம் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும் கார். பதினோரு வரி. நண்பர்கள் நடத்திய சிறுபத்திரிகையின் மூன்றாவது இதழில் வந்தது. நான்காவது இதழ் வரவில்லை. அந்தக் கார் எங்கள் அப்பாவுடையது என்பது கவிதைக்குத் தேவையில்லாத விஷயம். சாய்வுதான் தேவை. சரிந்துகொண்டிருக்கும் ஒரு குடும்பம், ஒரு வர்க்கம், இன்னும் என்னென்னவோ அந்தச் சாய்வில் ஏற்றி வைத்திருந்தேன். படிமம் என்ற சொல்லுக்கு எங்களிடையே அப்போது அப்படியொரு மவுசு.

அப்பா பத்திரிகை படிக்கிறவர் அல்ல. எப்படியோ இதைப் படித்துவிட்டார். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "எடப்பக்கமா சாயுது? வலப்பக்கம்லாடே சாஞ்சிருக்கு" என்றார்.

போய்ப் பார்த்தேன். வலப்பக்கம்தான். தினமும் பார்த்த வண்டி. 'இடது' என்ற சொல்லைக் காரணமில்லாமல் எழுதுகிற வயதில்லை அது. வண்டியைப் பார்க்காமல் அந்தச் சொல்லைப் பார்த்து எழுதியிருக்கிறேன். அப்பா என் எழுத்தைப் பற்றிச் சொன்னது அது ஒன்றுதான். 2003இல் இறக்கும்வரை அவரும் அதை மறுபடி எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தொகுப்பு போட்டபோது அந்தக் கவிதையைச் சேர்க்காமல் விட்டேன். நல்ல கவிதை இல்லை என்று நண்பர்களிடம் சொன்னேன். அது முழுக் காரணமில்லை.

வண்டி இன்னும் இருக்கிறது. மார்க் மூன்று, 1976ஆம் வருஷத்தது. அப்பா 1979இல் ஒருவரிடமிருந்து வாங்கி, ஏரலில் வாடகைக்கு ஓட்டினார். ஐம்பதுகளின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலக் காரின் உடம்புதான் இதற்கு. வங்காளத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையில் சிறிய மாற்றங்களோடு அதே உருவத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் வார்த்துக்கொண்டிருந்தார்கள், 2014இல் நிறுத்தினார்கள். நான் இதை விற்காததற்குப் பாசம் காரணமில்லை. அம்மாவுக்கு எண்பத்துமூன்று வயது. முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருக்கிறது. மாதம் இருமுறை திருநெல்வேலிக்குப் போக வேண்டும். புதிய கார்களில் ஏறக் குனிய வேண்டியிருக்கிறது. இதில் கதவு அகலம், இருக்கை உயரம். அவளால் தானே ஏறி உட்கார முடிகிறது. ஆனால் சென்ற ஆண்டு ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்பக்கம் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். கண்ணாடியில் அவள் முகம் தெரியும்.

மேலப்பாளையத்தில் ஒரு பாய் பட்டறை வைத்திருக்கிறார். அம்பாசிடர் என்றால் அவரிடம்தான் போகச் சொன்னார்கள். பார்த்ததும் சொல்லிவிட்டார்: பின் ஸ்பிரிங் இரண்டும் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றுவது வீண். அம்மாவைப் பாளையங்கோட்டையில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வண்டியைப் பட்டறையில் போட்டேன்.

மாட்டுவண்டிக்கு இதே அமைப்பைப் பொருத்தியபோது நம் ஊர்க்காரர்கள் அதை வில் என்றார்கள். வண்டி வில்வண்டி ஆயிற்று. மோட்டார் வந்ததும் சொல்லை மாட்டோடு விட்டுவிட்டோம். வளைந்த எஃகுப் பட்டைகள், நீளமானது மேலே, கீழே வரவரக் குட்டை. பட்டறையில் பிளேட் என்கிறார்கள். மேல் பட்டையின் இரு நுனியும் சுருண்டு கண்ணாகி வண்டியின் உடம்பைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு போல்ட் எல்லாப் பட்டைகளையும் கோத்து நிற்கும். அந்த நடுவைத்தான் யூ போல்ட்டுகள் அச்சோடு கட்டுகின்றன. ஒரே தடித்த பட்டையாக ஏன் போடக்கூடாது என்று கேட்கலாம். தடிப்பு இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகிவிடும். மெல்லிய பட்டைகள் பல சேர்ந்தால், பாரத்தையும் தாங்கும், வளைந்தும் கொடுக்கும். வளையும்போது ஒன்றன்மேல் ஒன்று உரசுவதே குலுக்கலைக் கொஞ்சம் அடக்கும். இடையில் துரு ஏறிவிட்டால் உரசல் பிடிப்பாகி, அடுக்கு ஒரே கட்டையைப்போல நடந்துகொள்ளும்.

முந்தின இரவே நட்டுகளில் டீசல் ஊற்றி ஊறவிட்டிருந்தார் பாய். உடம்பை ஜாக்கியில் தூக்கி முட்டுக் கொடுத்தார். அச்சுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி. ஷாக் அப்சார்பரைக் கழற்றி, யூ போல்ட், பின் ஷேக்கிள், கடைசியாக முன் கண்ணின் போல்ட். வலது ஸ்பிரிங் இறங்கியது. வளைவு போய் ஏறக்குறைய நேராகக் கிடந்தது. எதிர்பார்த்ததுதான். இடதைக் கழற்றியதும் அதை வைஸில் பிடித்து அழுக்கைச் சுரண்டிக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

"இந்த வண்டி பிளேட் இல்ல சார் இது. லாரி பிளேட். வெட்டி, ஓரத்தைத் தேய்ச்சுச் சொருகியிருக்கு."

அடுக்கில் ஒரு பட்டை மற்றவற்றைவிடத் தடித்திருந்தது. அதற்கு மேலே, உடைந்து இரண்டு துண்டான பழைய பட்டை அப்படியே உள்ளே இருந்தது.

பாய் விளக்கினார். நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்தவை. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். பாரம் எப்போதும் இடப்பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக விழும். ஆகவே பெரும்பாலும் முதலில் போவது இடது ஸ்பிரிங். இதிலும் அதுதான் முதலில் போயிருக்கிறது. போனபோது புதிது போடாமல் லாரிப் பட்டையைச் சொருகியதால் அந்தப் பக்கம் விறைத்து உயர்ந்துவிட்டது. அதைப் பார்த்து வலம் சாய்ந்ததுபோல் தெரிந்திருக்கிறது. சாய்ந்தது வலம், ஒடிந்தது இடம்.

"அளவுக்கு மீறி ஏத்துன வண்டி" என்றார். சவாரி வண்டி, அதிகம் போனால் ஆறேழு பேர் ஏறியிருப்பார்கள் என்றேன். அவர் துண்டுகளைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

தங்கை வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"நீ காலேஜ்ல சேந்த வருசம்லா அது. ராத்திரி பின்சீட்டக் கழட்டிப் போட்டுட்டு வாழத்தார் ஏத்திட்டுப் போவாவ. திருநவேலி சந்தைக்கு. நாலு மாசம் ஓட்டுனாவ. ஒரு நா செய்துங்கநல்லூர்ப் பக்கம் ஒடிஞ்சு நின்னுட்டு. யார்ட்டயும் சொல்லப்புடாதுன்னுட்டாவ. தார் ஏத்துன வண்டின்னா கல்யாணச் சவாரிக்கு எவன் கூப்புடுவான்?"

எதற்காக நான்கு மாதம் என்று அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கல்லூரியில் சேர்ந்தது 1980இல். அந்த வருஷம் விடுதிக்கு எவ்வளவு கட்டினோம் என்பது எனக்குத் தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வோலர் என்ற ஜெர்மானியர், ரயில் அச்சுகள் ஏன் உடைகின்றன என்று வருஷக்கணக்காகச் சோதனை செய்தார். ஒருமுறை ஏற்றினால் சுலபமாகத் தாங்கக்கூடிய பாரத்தையே திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் இரும்பு ஒடிந்துவிடுகிறது என்று அவர் சோதனைகள் காட்டின. உலோகத்தின் அசதி என்று இதற்குப் பெயர் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று எங்கோ தொடங்கி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் இம்மியளவு நகரும். ஒடிகிற அன்று பார்த்தால் அன்றைய பாரத்தில் விசேஷம் ஒன்றும் இருக்காது.

இதை எழுதும்போதே இதையும் படிமமாக்கிவிடக் கை பரபரக்கிறது. வாழைத்தார், ஒடிந்த பட்டை, விடுதிக் கட்டணம்: 1984இல் கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். இன்று என்னைத் தொந்தரவு செய்வது வேறு. அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்ற அந்தக் காலையில் இடப்பக்கம்தான் ஒடிந்தது என்பது அவருக்குத் தெரியும். தன் கையால் சொருகிய பட்டை. நான் குனிந்து பார்த்திருந்தால் நானும் கண்டிருப்பேன். கண்ணுக்குத் தெரிவதில் நான் செய்த பிழையை மட்டும் திருத்திவிட்டு, தெரியாததை அவர் தன்னோடு வைத்துக்கொண்டார். என் வரியில் 'இடப்பக்கம்' என்றிருந்தது, அவர் மட்டும் அறிந்த ஒன்றோடு ஒத்துப்போய்விட்டது. அதற்காகவே அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தாரோ என்னவோ. ஒத்துப்போனதில் கவிதைக்கு ஒரு பெருமையும் இல்லை. பார்க்காமல் எறிந்த கல் அது.

மதுரையிலிருந்து புதிய ஸ்பிரிங்குகள் வந்தன. முதலில் முன் கண், பிறகு பின் ஷேக்கிள். நடு போல்ட்டின் தலை அச்சின் குழியில் உட்கார்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு யூ போல்ட்டுகளை இறுக்கினார் பாய். கண்களில் ரப்பர் புஷ் இருக்கிறது. அந்த போல்ட்டுகளை மட்டும் இறுக்கவில்லை. தொங்கும்போது இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் பிய்ந்துவிடுமாம். சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டும். தங்கை அம்மாவை ஆட்டோவில் கூட்டிவந்தாள். வண்டியைக் குழியின் மேல் நிறுத்தி, "அம்மா ஏறி உக்காரட்டும்" என்றார் பாய். வண்டியின் சொந்தப் பாரமே போதும் என்று எனக்குத் தோன்றியது, பேசாமல் இருந்தேன். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்திருக்க, அவர் குழிக்குள் இறங்கி நான்கு இடத்திலும் இறுக்கினார். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்கக் கொண்டுவரச் சொன்னார்.

பழைய பட்டைகளை என்ன செய்ய என்று கேட்டார். அரிவாள் அடிக்கிற கொல்லர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஸ்பிரிங் எஃகுக்கு அவர்களிடம் நல்ல மதிப்பு. வாழைத்தார் வெட்டவும் அந்த அரிவாள்தான். லாரிப் பட்டையை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். எல்லாவற்றையும் கொடுத்துவிடச் சொன்னேன்.

மாலையில் ஊருக்குத் திரும்பினோம். பள்ளங்களில் சத்தம் இல்லை. கண்ணாடியில் அம்மா வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். செய்துங்கநல்லூர் தாண்டும்போது, "இங்கனதான்" என்றாள்.

நான் வண்டியை நிறுத்தவில்லை.