மழை இரண்டு வீட்டுக்கும்தான்!

ஏரலுக்குப் போயிருக்கிறீர்களா? ஆடி அமாவாசைக்கு அருணாசல சுவாமி கோயிலில் கூடும் கூட்டத்தைச் சொல்லவில்லை. சாதாரணமான ஒரு மாலை வேளையில் தாமிரபரணி மணலில் நடந்து பாருங்கள். கால் புதையும்போது, இயேசுநாதர் சொன்ன கதை தானே நினைவுக்கு வரும். பாறைமேல் ஒருவன் வீடு கட்டினான். மணல்மேல் ஒருவன் கட்டினான். வெள்ளத்தில் மணல் வீடு விழுந்தது.

ஏரல்வாசிகளுக்கு அது வெறும் கதையல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. ஆறு ஏரலுக்குள் புகுந்தது. ஊரே தனித் தீவாயிற்று.

"அப்படியானால் வெள்ளம் புகுந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் புத்தியில்லாதவர்களா?" என்று ஓர் அம்மாளிடம் கேட்டுவிட்டேன். பத்திரிகைக்காரன் வாய் சும்மா இருக்குமா?

அம்மாளுடைய வேதப் புத்தகம் வெள்ளத்தில் நனைந்து, வெயிலில் காய்ந்து, அப்பளம்போல் உப்பியிருந்தது. மத்தேயு ஏழாம் அதிகாரத்தைப் பிரித்தாள்.

"மழை ரெண்டு வீட்டுக்குந்தானய்யா பெஞ்சுது? நல்லவன் வீட்டுக்குத் தண்ணி வராதுன்னு இதுல எங்க இருக்கு?"

பிறகு லூக்கா ஆறாம் அதிகாரத்தைக் காட்டினாள். அதே கதைதான். ஆனால் அங்கே பாறை மேலாகக் கிடக்கவில்லை. ஆழத் தோண்டித்தான் அதை எட்டுகிறான் அந்த மனிதன். ஆற்றங்கரைவாசிகளுக்கு லூக்காதான் அனுசரணை என்று எனக்குத் தோன்றியது!

"வெள்ளத்தன்று எங்கே இருந்தீர்கள், அம்மா?"

"எதுத்த மாடியில, பாய் வீட்டுலதான். மூணு நாளு. அவுக அரிசி, எங்க அடுப்பு."